தனியாகக் கிளம்பிப் போன என் பை

எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான். அதுவும் சென்னையில் செல்லாது என்று அறுபத்தெட்டாவது வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால், தென்காசி பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்பதற்குள் சீட்டெல்லாம் நிறைந்துவிடும். ஜன்னல் வழியாகத் துண்டு, பை, குடை, எதுவும் கையில் இல்லாவிட்டால் பிள்ளை (என் மகளே இரண்டு தடவை அப்படி உள்ளே போயிருக்கிறாள்) என்று எதையாவது போட்டுவிட்டால் அந்த இடம் நம்முடையது. அதை எடுத்துவிட்டு உட்காருகிறவனை ஊரில் மனுஷனாகவே மதிக்கமாட்டார்கள். தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் உழைத்து வாங்காத பெயரை நான் இதில் வாங்கியிருந்தேன்.

சென்னையில் இருக்கும் மகள் வள்ளி ஒருநாள் போனில், மெரினா மணலில் மரப்பாதை போட்டிருக்கிறார்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டே கடல் பக்கம் வரை போகலாம் என்று அவள் அம்மாவிடம் சொல்லித் தொலைத்தாள். என் மனைவி கோமதிக்கு இரண்டு முட்டும் தேய்ந்துவிட்டது. மணலில் நாலு எட்டு வைக்க முடியாது. திருச்செந்தூருக்குப் போனால்கூட ஆறு வருஷமாகத் தூரத்தில் நின்று கடலைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறாள்.

"ஒரே ஒரு தடவ கால நனச்சிட்டு வந்திருதேன்" என்றாள். அவள் என்னிடம் எதையும் கேட்கிறவள் இல்லை. (கேட்டால் நான் கொடுக்கும் லட்சணம் அவளுக்குத் தெரியும்.)

சென்னைக்குப் போனோம். அன்றைக்கு வள்ளிக்கு ஆபீஸ். மறுநாள் காலையில் எங்களுக்கு ஊருக்கு ரயில். அந்த ஒரு சாயங்காலத்தை விட்டால் கடல் கிடையாது. வள்ளி கார் பிடித்துத் தருவதாகச் சொன்னாள்.

"காரா? ஏட்டி, பொம்பளைக்கு பஸ்ல டிக்கெட்டே கிடையாது. மெட்ரோவுல லிப்ட் இருக்கு. சல்லிக்காசு பெறாத செலவுல உங்கம்மாவுக்கு ஊரையே சுத்திக் காட்டுதேன், பாரு."

"சரிப்பா. ஆனா ஸ்டேஷன்ல வீல்சேர் கேட்டு வாங்குங்க. சும்மாதான் தருதாங்க."

"வீல்சேரா? நம்ம ஊர்க்காரன் எவனாச்சும் பாத்தா என்ன நினைப்பான்?" என்றேன். சென்னையில் இருக்கும் அத்தனை சனத்தில், கோமதியைப் பார்ப்பதற்கென்றே ஒரு தென்காசிக்காரன் ஸ்டேஷனில் காத்திருக்கிறான் என்று நான் மனதார நம்பினேன்.

ஸ்டேஷனில் லிப்டுக்கு முன்னால் கூட்டம். "நீ மெதுவா வா, நான் முந்திப் போயி இடம் போடுதேன்" என்று பையோடு படியில் ஓடினேன். ரயில் வந்து நின்றது. கதவு திறந்தது. எதிரே இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு இடம் காலி. உள்ளே போய் உட்கார்ந்திருக்கலாம், அடுத்த ரயிலுக்கு நின்றிருக்கலாம். ஆனால் என் கைக்கு அதெல்லாம் தெரியுமா? வீசினேன். பை நேராகப் போய் சீட்டில் விழுந்தது. பெருமையோடு லிப்ட் பக்கம் திரும்பி, "கோமதீ, இடம் போட்டாச்சு!" என்று கத்தினேன்.

கதவு மூடிக்கொண்டது. கோமதிக்காகப் பிடித்த இடத்தில் என் பை சௌகரியமாக உட்கார்ந்து போய்விட்டது.

பக்கத்தில் நின்ற பெண், "அடுத்த டிரெயின் இப்ப வந்துரும் அங்கிள்" என்றாள். நான் காவலரிடம் ஓடினேன்.

"பையில என்ன இருக்கு சார்?"

"தெரியாது. அத நான் கட்டல."

இந்த உலகத்தில் எத்தனையோ பதில்கள் இருக்க, நான் சொன்னது இதை. நுழையும்போது மிஷினில் சோதித்த பைதான். ஆளில்லாமல் தனியாகப் போகிற பைக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாதாம். அவர் முகம் மாறிவிட்டது. என்னை அடுத்த ரயிலில் ஏற்றி, மூன்று ஸ்டேஷன் தள்ளி இறக்கினார்கள். அங்கே ஓரமாக நிறுத்தி வைத்திருந்த ரயிலில், பை இருந்த பெட்டியில் ஒரு ஈ காக்கை இல்லை. என் ஆயுசில் ஒரு பையைப் போட்டு முழுப் பெட்டியையும் பிடித்தது அன்றைக்குத்தான்.

விசாரணை அறையில் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள். ரப்பர் குழாயும் பேட்டரியுமாக ஒன்று வந்தது. "பிரஷர் பாக்குற மிஷின் சார்" என்றேன். லேபிள் இல்லாத பாட்டில் வந்தது. "முட்டுக்குத் தேய்க்கிற தைலம்." மூடியைத் திறந்ததும் அறையே தும்மியது. மிஷின்தானா என்று நிரூபிக்க என் கையிலேயே சுற்றிப் பார்த்தார்கள். அதில் ஏறிய பிரஷரைப் பார்த்துவிட்டு, அதிகாரியே எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. ஆறு வருஷத்துக்கப்புறம் ஒன்று கேட்டாள், அதையும் கெடுத்துவிட்டேனே பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். பையிலிருந்த போன் கைக்கு வந்ததும் கூப்பிட்டேன்.

"எங்கன இருக்க?"

"கடல்ல நிக்கேன்" என்றாள். பின்னால் அலை இரைந்தது.

லிப்டிலிருந்து வெளியே வந்தவள், காவலர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறாள். விசாரணை முடிய நேரமாகும் என்று அங்கிருந்த ஊழியப் பெண் சொல்ல, "அப்ப எனக்கொரு வீல்சேர் குடு தாயி" என்று கேட்டிருக்கிறாள். ஒருத்தி ரயிலேற்றி விட்டாள், இன்னொருத்தி இறக்கி பஸ்ஸில் விட்டாள். மரப்பாதையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாதை முடிந்த பிறகு நாலு எட்டுக்குச் சுண்டல் விற்கிற அம்மா கை கொடுத்தாள்.

"என்னைய போலீஸ் புடிச்சிருக்கு, நீ கடலு பாக்கியாக்கும்?"

"உங்கள என்ன தூக்குலயா போடப் போறாங்க? காப்பி குடுத்தாங்களா?"

கோபம் வந்தது. வெட்கமாக இருந்தது. கடைசியில் கண் கலங்கிவிட்டது. அதிகாரி பதறி, "என்ன சார் ஆச்சு?" என்றார்.

"கால நனச்சிட்டா சார்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

இப்போதும் நான் குளியலறையில் கொஞ்சம் நேரமெடுத்தால் போதும், "அப்பா எங்க?" என்று போனில் கேட்கும் வள்ளிக்கு, "விசாரணையில இருக்காக" என்று பதில் போகிறது. போன மாதம் ஆய்க்குடியில் ஒரு கல்யாண வீட்டில், "இந்த முட்ட வச்சிக்கிட்டு மெரினாவுக்கு யாரு மதினி கூட்டிட்டுப் போனா?" என்று கோமதியிடம் கேட்டார்கள்.

"இவுகதான்" என்று என்னைக் கை காட்டினாள். "நல்லவேள, கூட வரல. வந்திருந்தா நான் கடலப் பாத்திருக்கவே மாட்டேன்."