லேசாகத் திறந்து பார்த்தவர்

மனித குலத்தில் 'லேசாகத் திறந்து பார்த்தவர்' என்று ஒரு வகை உண்டு. சட்டைப் பையில் ஒரு சின்னத் திருப்புளியும், முகத்தில் பால் வடியும் அப்பாவித்தனமும், கையில் ஒரு பிளாஸ்டிக் பையுமாக வருவார். பைக்குள் என்ன இருக்கும்? நேற்றுவரை ஒரே சாமானாக இருந்து, இன்று இருபத்து மூன்று சாமான்களாகப் பெருகிவிட்ட ஏதோ ஒன்று. கேட்டுப் பாருங்கள். "நான் ஒண்ணுமே பண்ணலை. லேசாத் திறந்து பார்த்தேன், அவ்வளவுதான்" என்பார். கொலைக்குற்றவாளிகள்கூடக் கொஞ்சம் தயங்குவார்கள். இவர் தயங்க மாட்டார்.

இந்த வகையைப் பற்றி உலகத்திலேயே அதிகம் தெரிந்தவள் பிரியம்வதா. கொல்கத்தாவில், பெஹாலா டிராம் டிப்போவுக்குப் பின்னால், ஒரு மிட்டாய்க் கடைக்கும் ஒரு தையல் கடைக்கும் நடுவே இருக்கிறது அவளுடைய கடை. பழைய வாக்மேன், ஐபாட் என்று கையோடு எடுத்துப்போகிற பாட்டுப் பெட்டிகளை மட்டும் பழுது பார்ப்பாள். இந்தக் காலத்தில் யார் கொண்டுவருகிறார்கள் என்று கேட்காதீர்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு இப்போது கேசட் என்றால் உயிர். அப்பாவின் பெட்டியைப் பரணிலிருந்து இறக்குவார்கள், லேசாகத் திறந்து பார்ப்பார்கள், நேரே இங்கே வருவார்கள். மோட்டார் மழமழவென்று ஓடட்டும் என்று கடுகெண்ணெய் ஊற்றிக் கொண்டுவந்தார் ஒருவர். சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இன்னொருவர், ஐபாடின் உள்ளே போகும் பட்டைக் கம்பியை இரண்டாகக் கிழித்து, செலோடேப் ஒட்டி எடுத்துவந்து, "ஸாஃப்ட்வேர் பிரச்சினைன்னு நினைக்கிறேன்" என்றார். பிறந்து வளர்ந்ததெல்லாம் இதே ஊர் என்பதால் பிரியம்வதாவுக்குத் தமிழைவிட வங்காளத்தில்தான் நன்றாகத் திட்ட வரும். இரண்டிலுமே அவள் திட்டுவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்புளியை எடுப்பாள்.

இவர்களுக்கெல்லாம் சக்கரவர்த்தியாக, துர்கா பூஜைக்கு முந்தைய வாரம், வெங்கடநாராயணன் வந்து சேர்ந்தார்.

கார்டன் ரீச்சில் ரயில்வே அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருஷம் ரயில்வேயில் இருந்தும், கோப்பைத் தவிர வேறெதையும் பிரிக்க அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. அந்தக் குறையை இப்போது வீட்டில் தீர்த்துக்கொண்டிருந்தார். இஸ்திரிப் பெட்டி முடிந்தது, மிக்ஸி முடிந்தது. அடுத்தது, மனைவி அனந்தலக்ஷ்மியின் வாக்மேன்.

"நின்னு போச்சும்மா. என்னன்னே தெரியலை" என்றார்.

"திறந்தீங்களா, மாமா?"

"சேச்சே! லேசா."

பிரியம்வதா மூடியைக் கழற்றினாள். பெல்ட் இருக்க வேண்டிய இடத்தில் மிட்டாய்ப் பெட்டிக்குப் போடும் சிவப்பு ரப்பர் பேண்ட் அறுந்து கிடந்தது.

"இது என்ன மாமா?"

"அதுவா? முதல்லேர்ந்தே அப்படித்தான் இருந்திருக்கும்."

அவள் புது பெல்ட் போட்டாள், நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்தாள், வேகம் பார்க்கும் கேசட்டைப் போட்டு ஓடவிட்டாள். பெட்டி வெறி பிடித்த மாதிரி ஓடியது. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குட்டித் திருகாணியை யாரோ கடைசிவரை திருகி வைத்திருந்தார்கள்.

"இதையும் திருகினீங்களா?"

"லேசா."

"எப்போ?"

"ரெண்டு வாரம் இருக்கும். ஏம்மா?"

"ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகத்துல ஓடியிருக்கு, மாமா! மாமி அப்புறம் இதுல ஏதாவது கேட்டாங்களா?"

வெங்கடநாராயணனின் முகம் வெளுத்தது. ஏன் வெளுத்தது? சொல்கிறேன். இந்த வருஷம் அவர்கள் தெருப் பூஜையில், முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, அனந்தலக்ஷ்மியை மேடையேறிப் பாடக் கூப்பிட்டிருந்தார்கள். வங்காளப் பாட்டு. படகில் போன கணவன் திரும்பி வராமல் ஆற்றங்கரையில் ஒருத்தி அழுகிற பாட்டு. பக்கத்து ஃபிளாட் மித்ரா பௌதி, அதாவது மித்ரா அண்ணி, தன் அம்மா எப்போதோ பாடிப் பதிவுசெய்த கேசட்டைக் கொடுத்து, "இதைக் கேட்டுப் பழகுங்கள் தீதி" என்று, அக்கா முறை வைத்துச் சொல்லியிருந்தாள். அனந்தலக்ஷ்மி இரண்டு வாரமாகக் காலையும் மாலையும் இந்த வாக்மேனில் கேட்டு, ஒரு சுரம் பிசகாமல் நெட்டுருப் போட்டிருந்தாள். ஒன்றரை மடங்கு வேகத்தில்!

"நான்கூட, ஆம்படையான் வரலைன்னு அழறவ எதுக்கு இப்படிக் குதிச்சுண்டு அழறாள்னு நினைச்சேன்" என்றார் ஈனஸ்வரத்தில். "மாமிகிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா."

சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. மறுநாள் பெட்டியை வாங்க மாமியே வந்தாள். பின்னாலேயே அவரும் வந்தார். மாமி ஹெட்ஃபோனை மாட்டினாள். கேட்டாள். புருவம் ஏறியது.

"யாருடி இது, ஆம்பளை?"

"மித்ரா பௌதியோட அம்மா, மாமி."

"எனக்கே கதை சொல்றியா? அவ குரல் கிளி மாதிரி இருக்கும். இது எருமை தூக்கத்துல முனகற மாதிரின்னா இருக்கு! கேசட்டை மாத்திட்டே."

பிரியம்வதா மாமாவைப் பார்த்தாள். மாமா சுவரிலிருந்த காலண்டரில் ஏதோ ஏகாதசியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஏன்னா," என்றாள் மாமி மெதுவாக, "இந்தப் பெட்டியை என்ன பண்ணினேள்?"

அவர் அந்த மூன்று வார்த்தைகளைச் சொன்னார். எந்த மூன்று என்று உங்களுக்கே தெரியும்.

மாமி கத்தியிருந்தால் தேவலை. அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "நாளன்னிக்கு சப்தமி. அவளோட அம்மா முன் வரிசையில உட்காரப்போறா. நான் சர்க்கஸ்காரி மாதிரிப் பாடினா, முப்பது வருஷமா வேடிக்கை பார்த்துண்டிருந்தவ ஒரு நாள் மேடையேறி மானத்தை வாங்கிட்டான்னு பேசுவா." கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியை எடுத்துப் போனாள்.

பிரியம்வதாவுக்கு அந்த இரண்டு நாளும் வேலையே ஓடவில்லை. தப்பு அவளுடையதில்லை, ஆனாலும் சரியான வேகத்தை வைத்து அந்த அம்மாளின் தூக்கத்தைக் கெடுத்தது தானே என்று உறுத்தியது. சப்தமியன்று சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுப் பந்தலுக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றாள்.

அனந்தலக்ஷ்மி சிவப்புக் கரை போட்ட புடவையில் மேடையேறினாள். முதல் வரியைப் பதிவில் இருந்த மாதிரியே, அந்த மந்தமான வேகத்தில் எடுத்தாள். நன்றாகத்தான் வந்தது. இரண்டாவது வரியில் வார்த்தை நின்றுவிட்டது. இரண்டு வாரம் ஓடியே பழகிய நாக்குக்கு நடக்கத் தெரியவில்லை. முன் வரிசையில் யாரோ இருமினார்கள். பிரியம்வதா துப்பட்டா நுனியைக் கடித்தாள்.

மாமி கண்ணை மூடினாள். போனால் போகட்டும் என்று, தெரிந்த வேகத்தில் பிடித்தாள் பாருங்கள்! படகு பறந்தது, ஆறு துள்ளியது, அழுகிறவள் ஆனந்தக்கூத்தே ஆடினாள். ஓரமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்த டாக் மேளக்காரர்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் குச்சியை எடுத்தார்கள். இன்சூரன்ஸ் ஆபீசர் ஒருவர் நாற்காலியை நகர்த்திவிட்டு ஆட ஆரம்பித்தார். அவருக்கு முழங்கால் வலி என்று தெருவே நம்பிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும், மித்ரா பௌதியின் அம்மா கைத்தடியைத் தரையில் தட்டி, "ஆர் ஏக் பார்!" என்று கூவினார். இன்னொரு தடவை பாடச் சொல்கிறார்! கடைசி வரிசையில் பிரியம்வதா, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத அம்மாளைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

வெங்கடநாராயணன் வெட்கப்பட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? கைகுலுக்க வந்தவர்களிடமெல்லாம், "எல்லாம் நான் லேசாத் திறந்து பார்த்ததாலதான்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெருமிதத்திலேயே, லேசாகக் கரகரத்த ஒலிபெருக்கிப் பெட்டியின் பக்கம் நகர்ந்து, பாக்கெட்டில் கைவிட்டார்.

"ஏன்னா! அங்கேர்ந்து கையை எடுங்கோ!" என்று மைக்கில் மாமியின் குரல் பெஹாலா முழுக்க ஒலித்தது. தமிழ் தெரியாத இருநூறு பேர் அதையும் பாட்டின் கடைசி வரி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

வாசகரே, சிரித்துவிட்டீர்கள் அல்லவா? நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். படிக்கும்போது நடுவில் எங்கேயாவது, இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் வெட்டலாமே, அந்தப் பத்தியைத் தூக்கி முன்னால் போட்டால் இன்னும் எடுப்பாக இருக்குமே என்று உங்கள் விரல் லேசாகத் துறுதுறுத்ததா? அப்படியானால் தயவுசெய்து இந்தத் தாளைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு, அப்படியே கொஞ்ச நேரம் உட்காருங்கள்.