இடது முன்சக்கரத்து வயர் விஷயமாக

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நலம். தாங்களும் நலமாகவே இருப்பதாகத் தங்கள் அக்கா சொல்கிறாள். இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத நிலையில் இக்கடிதம் தங்களுக்கு வியப்பளிக்கலாம். தாங்கள் எனக்கு விற்ற பழைய பிக்கப் வண்டியைப் பற்றி ஒரு தகவலை முறைப்படி தெரிவிப்பது மட்டுமே என் நோக்கம்.

சென்ற திங்கட்கிழமை டேஷ்போர்டில் பிரேக் சம்பந்தப்பட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. பட்டறைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, சக்கரத்தின் வேகத்தை அளக்கிற சென்சாருக்குப் போகும் வயர் இடது முன்பக்கம் அறுந்திருக்கிறது, இவ்வளவு பழைய வண்டிக்குப் புது வயர் வர ஒரு மாதமாகும், பிரேக் பிடிக்கும், ஆனால் மழையில் ஓங்கி மிதித்தால் வண்டி வழுக்கலாம் என்றார். தங்கள் அக்கா உடனே, "தம்பிக்கு ஒரு போன் போடுங்களேன்" என்றாள். முப்பத்தொரு வருடம் குடிநீர் அலுவலகத்தில் கோப்பு பார்த்தவனுக்கு ரெண்டு இழை வயரை ஒட்டத் தெரியாதா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றுகிற வரைக்கும் நான்தான் ராஜா. வயர் உறைக்குள்ளேயே அறுந்திருந்ததால் எந்த இடம் என்று தெரியாமல், நல்ல இடத்தில் ஒரு வெட்டு, அறுந்த இடத்தில் ஒரு வெட்டு. மட்கார்டுக்கு அடியில் இருட்டு என்று உன் அக்கா டார்ச் பிடித்தாள். அவள் தும்மும்போதெல்லாம் வெளிச்சம் பக்கத்து வீடு வரைக்கும் போய்வந்தது. ஈயம் உருக்கிப் பற்றவெச்சுப் பெருமையா நிமிர்ந்தா, ஒட்டுக்கு மேல மாட்ட வேண்டிய ரப்பர் குழாய் என் சட்டைப் பையில இருக்கு. அதை முன்னாடியே வயர்ல கோத்திருக்கணுமாம். மறுபடி வெட்டினேன், கோத்தேன், ஒட்டினேன். வயர் குட்டையாயிடுச்சு. ஸ்டியரிங்கை ஒரு திருப்பு திருப்பினதும் டப்புன்னு போச்சு.

எவ்வளவு நீளம் விடணும்னு பார்க்க வலது சக்கரத்தையும் கழட்டினேன். அங்கேயும் ஒரு ஒட்டு இருந்துச்சு மாப்ளே. மடங்குற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, சக்கரம் திரும்ப வசதியா தொங்கல் விட்டு, மூணு இடத்துல கிளிப் போட்டு, டேப் நுனியை முக்கோணமா மடிச்சு விட்டிருந்துச்சு. "இப்படி மடிக்கிறவன் நம்ம வீட்டுல ஒருத்தன்தான்"னு உன் அக்கா சொன்னா. வண்டியை எனக்குக் குடுக்குறதுக்கு முன்னாடியே அதைச் சரிபண்ணியிருக்கே. சொல்லவேயில்லை. நான் என்னடான்னா, சாப்பாட்டு மேசையில நாலு பேர் முன்னாடி, ஓட்டை வண்டியை என் தலையில கட்டிட்டான்னு பேசினேன். நீ பாதிச் சாப்பாட்டுல கை கழுவிட்டுப் போனே.

அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன். "முட்டி வலிக்குதா?"ன்னு அக்கா கேட்டா. ஆமான்னு சொல்லிட்டேன்.

அப்புறம் ஓடாத ரேடியோவிலிருந்து ஒரு முழ வயரை எடுத்து, உன் ஒட்டைப் பார்த்துப் பார்த்தே இந்தப் பக்கமும் ஒட்டினேன். டேப் நுனியை மட்டும் எனக்கு முக்கோணமா மடிக்க வரலை. தெருவை நாலு சுத்து சுத்தினோம். விளக்கு அணைஞ்சிடுச்சு.

ஆகவே, வண்டி நல்ல நிலையில் உள்ளது என்றும், யாருடைய உதவியும் தேவைப்படவில்லை என்றும், வண்டியைப் பற்றியும் அதை விற்றவரைப் பற்றியும் நான் கூறிய சொற்களைத் திரும்பப் பெறுகிறேன் என்றும் இதன்மூலம் தெரிவிக்கலாகிறது. தங்கள் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் உயரமாகியிருப்பார்கள், அவர்களுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: விளக்கு மறுபடி எரிகிறது. ஞாயிற்றுக்கிழமை தாங்கள் நேரில் வந்து பார்த்தால் நல்லது. அவசரம்.

தம்பி, அக்கா எழுதுறேன். கவரை ஒட்டுறதுக்கு முன்னாடி கடிதத்தைப் படிச்சேன். விளக்கெல்லாம் எரியலை, இப்பதான் போய்ப் பார்த்துட்டு வர்றேன். நீ வா. வந்து, சரிபண்ற மாதிரி எதையாவது கழட்டி மாட்டு.