தால்முய்க்கு இடமில்லாத இயந்திரம்

சோங்ஜு, பிப்ரவரி 1992

அன்புள்ள தம்பி சாங்ஹ்யோக்குக்கு, அக்கா கும்ரான் எழுதுவது.

ஏழு வயதுப் பிள்ளை எழுதும் ஓர் எழுத்தை ஒரு கம்ப்யூட்டரால் ஏன் எழுத முடியவில்லை? எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கம்ப்யூட்டரை எங்கள் பள்ளிக்கு விற்றவன் நீ என்பதால் உன்னைக் கேட்கிறேன். இங்கு நானும் கிம்ச்சி ஜாடியும் நலம். இதைப் படித்து முடிக்கும்வரையாவது நீயும் நலமாக இரு.

நாளை பள்ளியில் சான்றிதழ் விழா. அச்சாகி வந்த சான்றிதழில் என் வகுப்பு மாணவி ஓக் தால்முய்யின் பெயரில் கடைசி எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம். நம் கொரிய எழுத்தில் மெய்யையும் உயிரையும் சேர்த்தால் எந்த எழுத்தும் வந்துவிடும் நமக்கு. உன் இயந்திரத்துக்குச் சேர்க்கத் தெரியாதாம். யாரோ முன்பே எண் போட்டு அடுக்கிவைத்த இரண்டாயிரத்துச் சொச்சம் எழுத்துகளிலிருந்து பொறுக்கி எடுக்கத்தான் தெரியுமாம். 'முய்' அந்த அடுக்கில் இல்லை. அலுவலகத் தலைவர் யோம் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். "டீச்சர், 'மி' இருக்கே, பார்க்க அக்கா தங்கச்சி மாதிரி. அதைப் போட்டுடுவோம்." "அது வேற பொண்ணோட பேரு." "அப்ப கோர்ட்ல மனு போட்டு இவ பேரை மாத்திக்கட்டும். மெஷினை மாத்துறதைவிடச் சுலபம்." பக்கத்தில் நின்ற தால்முய் தாளைத் தூக்கிப் பார்த்தாள். "என் பேருக்குப் பல்லு விழுந்துடுச்சு டீச்சர். அப்ப நான் பாஸ் பண்ணலியா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனால் தாளைக் கீழே வைக்கவில்லை. மூணு வருஷம் என்கிட்ட வேதியியல் படிச்ச பொண்ணு தம்பி, கட்டமா வீட்டுக்குப் போவாளா? யோமைப் பார்த்துச் சொல்லிட்டேன்: "பேரை மாத்த மாட்டோம். இந்த ஒரு சான்றிதழை நானே மைப்பேனாவுல எழுதறேன். மத்ததெல்லாம் உங்க மெஷின் வேலை." "அழகா இருக்காதே!" "என் கையெழுத்து கோழிக் கிறுக்கல்தான். ஆனா எழுத்து முழுசா இருக்கும்."

நீ உடனே வந்து அந்த அடுக்கைத் திருத்து. இல்லாவிட்டால் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போ. உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகள் பெயரோடும் புகழோடும் வளரட்டும்.

உன் அக்கா,
கும்ரான்

பின்குறிப்பு: தபாலில் போடும் முன் இதையும் எழுதிவிடுகிறேன். இன்று விழா நடந்தது. தால்முய் தன் சான்றிதழை விரித்ததும் மொத்த வகுப்பும் சுற்றிக்கொண்டது. "இவளுக்கு மட்டும் டீச்சர் கையால எழுதினதா? நாங்க என்ன பாவம் பண்ணினோம்?" அச்சடித்தவை அனைத்தும் என் மேசைக்குத் திரும்பி வந்தன. அடுத்த வகுப்பிலிருந்தும் வந்தன. அதனால் நீ வர வேண்டாம், பேனா அனுப்பு. மாலைவரை நான் எழுத எழுத, எதிரே உட்கார்ந்து யோம் ஒவ்வொன்றாக மையை ஊதி உலர்த்தினார்.