பெலிக்ஸின் பாம்புச் செவி

கல்யாணமான நாளிலிருந்து பெலிக்ஸ் ஒரு கொள்கையைக் கைவிட்டதில்லை: படுத்தால் பிணம். எட்டு மாதக் குழந்தை இனியா விடியக்காலை நாலரைக்கு ஊரைக் கூட்டினாலும் அவன் அசைய மாட்டான். அந்தத் தூக்கம் ஆண்டவர் கொடுத்தது என்பான். ஆண்டவரையே சாட்சிக்கு இழுத்தபிறகு மனைவி ரஞ்சிதா என்ன சொல்ல? பிள்ளைக்குப் புரை ஏறிவிடுமோ என்ற பயத்தில் அவளே தோளில் போட்டு நடப்பாள்.

உண்மையில் பெலிக்ஸ் கண்ணை மூடிக்கொண்டு விழித்துத்தான் கிடப்பான். சும்மா கிடப்பானேன் என்று, புதுக்கோட்டை ஓரத்திலிருந்த அவர்கள் நகரின் பறவை ஆர்வலர் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தான். போர்வைக்குள் கேட்டதையெல்லாம், ரஞ்சிதா அடுப்படிக்குப் போனதும் பட்டியல் போடுவான். 4.40 கரிச்சான். 4.55 குயில், ரெண்டு. 5.10 தையல்சிட்டு, நம்ம ரெண்டாம் தெரு, பக்கத்து வீட்டு முருங்கை. குழுவை நடத்தும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சந்தனம், தம்பிக்குப் பாம்புச் செவி என்று எழுதினார். கீரனூர் பஸ்ஸில் நாலு பேரிடம் காட்டியும் பெலிக்ஸுக்கு ஆசை அடங்கவில்லை. தன் பெருமையைப் பார்க்கட்டும் என்று ரஞ்சிதாவையும் குழுவில் சேர்த்துவிட்டான்.

அவள் பட்டியலை மேலிருந்து கீழே படித்தாள். பிறகு கீழிருந்து மேலே.

"இதெல்லாம் எங்கருந்து கேட்டீங்க?"

"படுத்த எடத்துலருந்தே. அதுவும் சன்னல் சாத்தியிருந்துச்சு."

"அப்படியா" என்றாள். அந்த அப்படியாவில் பாம்புச் செவிக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் விடியலில் தலையணைக்கடியில் போன் விடாமல் அதிர்ந்தது. பெலிக்ஸ் போர்வைக்குள் பார்த்தான். ரஞ்சிதா எழுதியிருந்தாள்: "4.30 இனியா. பெலிக்ஸுக்கு எடப்பக்கம், ஒரு முழத் தூரம். நாப்பது நிமிஷமா விடாத குரல். வேற யாருக்காவது கேட்டுச்சா?"

பதினோரு பேருக்குக் கேட்டிருந்தது. மூணாம் தெரு அழகம்மாள், காது மெஷினைக் கழற்றி வைத்தபிறகும் கேட்டதாக எழுதியிருந்தார். உங்க பட்டியல்ல இது விட்டுப்போச்சே தம்பி என்றார் சந்தனம்.

பெலிக்ஸ் துள்ளி உட்கார்ந்தான்.

"மானம் போகுது ரஞ்சி. அழிச்சிரு."

"அழிக்கமாட்டேங்க. ஒண்ணு, எனக்குக் காது மந்தம்னு குரூப்புல எழுதுங்க. இல்ல, பிள்ளையத் தூக்குங்க."

பெலிக்ஸ் யோசித்தான். கிடைத்த பட்டத்தை விட மனசு வரவில்லை. பிள்ளையைத் தூக்கினான்.

அதற்கடுத்த நாள் சந்தனம் போட்ட பட்டியல் மிகச் சிறியது: "4.40. ரெண்டாம் தெரு. கரகரத்த தாலாட்டு. இனம் தெரியவில்லை. அதன்பின் பறவை எதுவும் கூவவில்லை."