நிச்சயதார்த்தத்தன்று ஓட்டிய விமானம்

பழைய சாமான் எதையாவது கையில் எடுத்தால் எனக்கு நேரம் மறந்துவிடும். இதைக் கெட்ட பழக்கம் என்பாள் என் மனைவி. வியாதி என்பார் அவளுடைய அத்தை. அத்தை அப்படிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

எனக்குத் தேன்மொழியைப் பேசி முடித்திருந்த சமயம். உப்பளம் என்கிற கடலோரப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுப் பக்கவாட்டு அறையில், நான் கல்லூரியில் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் துணி போர்த்திக் கிடந்தது. பெண் வீட்டார் வருவதற்குள் அதைக் காயலான் கடையில் போடச் சொன்னார் அம்மா. துடைத்துப் போடலாமே என்று திறந்தேன். (காயலான் கடைக்குப் போவதை யாராவது துடைப்பார்களா என்று கேட்காதீர்கள்.) திறந்தவன் மூன்று வாரம் மூடவில்லை.

ரேம் கார்டை ரப்பரால் தேய்த்தேன். ஃபேனில் அப்பியிருந்த தூசியைப் பிரஷ்ஷால் எடுத்தேன். பழைய விளையாட்டுகளை ஓட்டுவதற்கென்றே இலவசமாகக் கிடைக்கும் ஒரு சிஸ்டத்தைப் பென்டிரைவிலிருந்து ஏற்றினேன். இரண்டு ஜாய்ஸ்டிக் வாங்கிப் பொருத்தினேன். சுவிட்சைத் தட்டினால் நேராக விளையாட்டில் போய் நிற்க வேண்டும். அதுதான் அப்போதைய என் வாழ்க்கை லட்சியம். (நிச்சயதார்த்தச் சட்டையைத் தைக்கக் கொடுக்கவே இல்லை.)

ஒரு மத்தியானம் அது நடந்தது. பெட்டி மானிட்டரில் நீல நிற நதி ஒன்று மேலிருந்து கீழே வழிந்தது. அதன்மேல் கட்டைவிரல் அளவில் ஒரு மஞ்சள் விமானம். ஜன்னல் திரை கடல்காற்றில் உப்பி உப்பி அடங்க, அறைச் சுவரெல்லாம் நீலமாக அசைந்தது. நதிக்கு முடிவே கிடையாது. பாலம் வரும், தீவு வரும், மறுபடி தண்ணீர். தரைக்குச் சற்று மேலே மிதப்பவனைப் போல உட்கார்ந்திருந்தேன்.

நிச்சயதார்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டிலேயே. மூன்றரையிலிருந்து நாலரைக்குள் தட்டு மாற்ற வேண்டும். அதற்குமேல் ராகு காலம். பெண் வீட்டுச் சார்பில் தட்டு மாற்ற வேண்டியவர் தேன்மொழியின் பெரியப்பா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். எழுபது வயதிலும் முதுகு வளையாது. வந்ததும் என் கையைக் குலுக்கி, "பொன்ழூர் மாப்ள" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார். பிறகு செல்போனுக்கு சார்ஜ் போட இடம் கேட்டு, பக்கவாட்டு அறைக்குப் போனார்.

அவர் தட்டிய சுவிட்ச் என்னுடையது.

நாலே காலுக்கு அப்பா என்னிடம், "பெரியவரக் காணோம். போயி கூட்டிக்கினு வா" என்றார். போனேன். சொல்தா பெரியப்பா நாற்காலி நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்து விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது பாலத்தத் தாண்ட மாட்டேங்குது மாப்ள" என்றார், திரும்பாமல்.

"கூப்பிடுறாங்க பெரியப்பா."

"வந்துட்டேன். இத மட்டும் தாண்டிடறேன்."

எப்படித் தாண்டுவது என்று காட்டிவிட்டு அழைத்துப் போகலாம் என்றுதான் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை எடுத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் எண்ணம். நதி வழிந்தது. மஞ்சள் விமானமும் பச்சை விமானமும் இணையாகப் பறந்தன. பெரியப்பா இடதுபக்கத் தீவுகளைப் பார்த்துக்கொண்டார், நான் வலதுபக்கம். கூடத்துப் பேச்செல்லாம் தண்ணீருக்கடியில் கேட்பது போலத் தொலைவில் கேட்டது. ஐந்தாவது பாலம், ஆறாவது பாலம். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

"டேய்" என்று ஒரு குரல். வாசற்படியில் அம்மா. முகத்தைப் பார்த்ததும் மணி தெரிந்துவிட்டது.

நாலு முப்பத்தைந்து.

கூடத்தில் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். தேன்மொழியின் அத்தைதான் முதலில் எழுந்தார். "தட்ட எடுங்க, கெளம்பலாம். நல்ல நேரத்துல வெளையாடினு இருந்தவருக்கா பொண்ணு குடுக்கறது?"

பெரியப்பா விறைப்பாக நின்றார். "தப்பு என்னுது."

"உங்களுக்கு எழுபது வயசாச்சி, சரி. அவருக்கு இன்னா வந்துது?"

 தேன்மொழியின் அப்பா செருப்பைத் தேடி வாசல் பக்கம் பார்த்தார். மூன்று வாரக் கனவு கலைந்து, புதுச்சட்டைகூட இல்லாமல் நடுக்கூடத்தில் நின்றேன். இந்தப் பெண் எனக்கு இல்லை என்று தோன்றியது.

"மன்னிச்சிடுங்க. என் தப்புதான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்போது தேன்மொழி தலைநிமிர்ந்தாள். "அப்பா, ஆறு மணிக்கு ராகு காலம் முடிஞ்சிடும். இருந்து மாத்திட்டே போவோம்." பிறகு என்னைப் பார்த்தாள். "ஒரு மணி நேரமா தலையக் குனிஞ்சே உக்காந்திருக்கேன். கழுத்து வலிக்குது. அப்படி இன்னாதான் இருக்குது அதுல, காட்டுங்க."

அவள் அப்பா மறுபடி உட்கார்ந்தார். அவள் பக்கவாட்டு அறைக்கு வந்து, பட்டுப்புடவையைச் சுருட்டிப் பிடித்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் பாலத்திலேயே மோதினாள். மறுபடி மோதினாள். சிரிக்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். நீல வெளிச்சம் அவள் கன்னத்தில் ஓடியது. நான் நதியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

ஆறு மணி அடித்ததும் தட்டு மாற்றினார்கள். அதுவரை பெரியப்பாவை இரண்டு பேர் நடுவில் உட்காரவைத்திருந்தார் அத்தை.

அன்றிலிருந்து எந்த விசேஷத்திலும் யாரையாவது கூட்டிவர என்னை அனுப்பினால், என்னைக் கூட்டிவர இன்னொருவரையும் பின்னாலேயே அனுப்புகிறார்கள். போன மாதம் ஒரு காதுகுத்தில் போட்டோகிராபரைக் கூப்பிடப் போனேன். கூட்டத்தில் ஆள் கிடைக்காமல், எனக்குப் பின்னால் பெரியப்பாவை அனுப்பிவிட்டார்கள். எங்கள் இரண்டு பேரையும் தேடிக் கடைசியில் அத்தையே வந்தார்.