கோட்டுப் பாக்கெட்டில் மாட்டிய மூச்சு

அன்பும் அதட்டலும் ஒன்றாகக் கலந்த என் அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் மாப்பிள்ளை, பெரியவன், சின்னவள் நால்வரும் நலம். அங்கே நீயும் அத்தானும் உன் வகுப்பின் நாற்பத்தெட்டுப் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். "நலம்" என்று எழுதும்போதே கை தயங்குகிறது. அந்த ஒரு சொல்லால் நான் பட்ட பாடு கீழே வருகிறது. தயவுசெய்து சிவப்புப் பேனாவை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டுப் படிக்கவும்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் இந்தப் படிப்பை விடப் போகிறேன். முப்பத்தாறு வயதில், ஒரு மூலையில் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தவளை, "நீ படிக்க வேண்டியவடி" என்று சொல்லி, விண்ணப்பத்தையும் நீயே நிரப்பி, அவசரத்துக்கு என் கையெழுத்தையும் நீயே போட்டு, சுவாச சிகிச்சைப் படிப்பில் சேர்த்துவிட்டாய். வகுப்பறைவரை வண்டி நன்றாகத்தான் ஓடியது. பரீட்சையில் இரண்டாவதாகக்கூட வந்தேன். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போன முதல் நாளே தெரிந்துவிட்டது. விலக நினைப்பவர்கள் இந்த வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்குள் கல்லூரி ஆபீஸில் படிவம் கொடுக்க வேண்டும். அதைத் தாண்டினால் வருஷம் முடிகிறவரை விடமாட்டார்கள். இன்று புதன். படிவத்தை நிரப்பிக் கைப்பையில் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை கையெழுத்தை நானே போட்டேன்.

ஏன் என்று கேட்பாய். கேள். கல்லூரியில் கொடுத்த வெள்ளைக் கோட்டுகளில் என் அளவு தீர்ந்துபோய், யாரோ ஒரு பயில்வானுக்குத் தைத்ததை என் தலையில் கட்டினார்கள். முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. இரண்டு பக்கமும் பாக்கெட், ஒவ்வொன்றிலும் இரண்டு கிலோ வெங்காயம் கொள்ளும். கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் பத்தொன்பது வயது, என்னை "ஆன்ட்டி" என்று கூப்பிடுவார்கள். என் நரை, மூக்குக் கண்ணாடி, இந்தக் கோட்டு மூன்றும் சேர்ந்ததும் நான் பெரிய டாக்டர் என்று ஆஸ்பத்திரியே முடிவு கட்டிவிட்டது. லிஃப்டில் இருந்தவர்கள் இறங்கி எனக்கு இடம் விட்டார்கள். நிஜ டாக்டர் ஒருவர், பாவம், சின்னப் பையன், எழுந்து நின்று வணக்கம் வைத்தார். வார்டு வாசலில் ஒருவர் ஓடி வந்து, "டாக்டர், எங்கப்பா எப்படி இருக்காரு?" என்றார். நம் வீட்டில் யார் யாரைப் பற்றிக் கேட்டாலும் வாய் தானாகச் சொல்லுமே, அந்தப் பழக்கத்தில், "நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் அப்பா யார், எந்தக் கட்டில், ஒன்றும் தெரியாது. மதியத்துக்குள் சொந்தக்காரர்கள் எட்டுப் பேர் மாற்றுத் துணி, செருப்பு, வாடகைக் கார் சகிதம் அப்பாவை வீட்டுக்கு அழைத்துப் போக வந்து நின்றார்கள். அப்பாவுக்கு இன்னும் நாலு நாள் பாக்கி.

எங்களுக்குப் பயிற்சி தரும் மேடம் என்னைவிட ஏழு வயது சின்னவர், என் தோள் உயரம்தான் இருப்பார். மெஷின் கத்துவதற்கு ஒரு நொடி முன்னாலேயே கட்டில் பக்கத்தில் நிற்பதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் அலாரம் மேடம். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே யார் என்ன கேட்டாலும் 'நான் மாணவி'ன்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்" என்றார். நான் சொன்ன சொல் தவறாதவள் என்பது உனக்குத் தெரியும். கேன்டீன்காரர் "டீயா, காபியா?" என்று கேட்டதற்கும் அதையே சொன்னேன். இரண்டும் கிடைக்கவில்லை.

அடுத்தது மூச்சு எண்ணுகிற பாடம். ஒருத்தர் நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு விடுகிறார் என்று எண்ண வேண்டும், ஆனால் எண்ணுகிறோம் என்று அவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மூச்சு மாறிப்போகும். அதனால் நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை நெஞ்சின் மேல் வைக்க வேண்டும். உன் மாப்பிள்ளையிடம்தான் பழகினேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தவர் கையைப் பிடித்து, ஒரு வார்த்தை பேசாமல், நெஞ்சையே ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, நோட்டில் குறித்துக்கொண்டேன். மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் என்னை உட்காரவைத்து, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எந்த அலமாரியில், கேஸ் புத்தகம் எந்தப் பெட்டியில் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பதினாறு மூச்சு, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறீர்கள் என்று நான் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. "மறைக்காதே" என்கிறார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம். இதற்காக விலகுகிற ஆள் இல்லை நான். திங்கட்கிழமை எங்களை நாலாம் மாடிக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போனார்கள். அக்கா, அந்த இடத்தை எப்படிச் சொல்வேன். பன்னிரண்டு கட்டில். பன்னிரண்டு மெஷின். ஒவ்வொன்றும் ஒரு மனுஷனுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. உஸ் என்று உள்ளே, ஸ்ஸ் என்று வெளியே. நெஞ்சு ஏறுகிறது, இறங்குகிறது. பிறந்ததிலிருந்து நாம் யாரைக் கேட்டு மூச்சு விடுகிறோம், சொல்லு. தூங்கும்போதும் சண்டை போடும்போதும் அது பாட்டுக்கு நடக்கிறது. அந்த ஒன்று நின்றுவிட்டால் திருப்பிக் கொடுக்க இத்தனை கம்பி, இத்தனை குழாய், இத்தனை பேர் தேவைப்படுகிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. கும்பிடலாமா என்றுகூடத் தோணிச்சு, யாரைக் கும்பிடுறதுன்னு தெரியலை.

ஏழாம் கட்டிலில் ஒரு லாரி டிரைவர். நுரையீரலில் சளி கட்டி, பத்து நாளா மெஷின்ல இருக்காரு. வாய்க்குள்ள குழாய், அதனால பேச முடியாது, ஆனா முழிச்சிருக்காரு, நாம சொல்றது புரியுது. அவர்கிட்ட வணக்கம் சொல்லிட்டு நான் திரும்பினேன். திரும்பினபோது என் கோட்டுப் பாக்கெட் மெஷின்லேர்ந்து அவருக்கு வர்ற குழாயில மாட்டிச்சு. குழாய் கழண்டுடுச்சு. மெஷின் அலறுது, சிவப்பு விளக்கு மின்னுது, நான் அந்த விளக்கையே பார்த்துக்கிட்டு மரம் மாதிரி நிக்கிறேன். மேடம் வந்து மாட்டிட்டாங்க. ரெண்டு நொடி, அவ்வளவுதான். அவருக்கு ஒண்ணும் ஆகலை. மேடம் திட்டக்கூட இல்லை. "மெஷினைப் பாக்காதீங்க, ஆளைப் பாருங்க"ன்னாங்க. நடந்ததை நடந்தபடி ரெஜிஸ்டர்ல எழுதினாங்க. நர்ஸ்கிட்ட ஊசி நூல் வாங்கி, கழிவறைக்குப் போய் ரெண்டு பாக்கெட்டையும் வாய் மூடித் தைச்சேன். அவசரத்துல விரலையும் சேர்த்துத் தைச்சிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை அவருக்குச் சளி உறிஞ்சணும். அது இப்படி: மெல்லிசான ஒரு குழாயை உள்ளே விட்டு உறிஞ்சுறப்போ அவருக்குக் காத்து கிடைக்காது. அதனால நாமும் நம்ம மூச்சை அடக்கிக்கணும், நமக்கு எப்போ முட்டுதோ அப்போ அவருக்கும் முட்டும், உடனே வெளியே எடுத்துடணும்னு மேடம் சொல்லிக் கொடுத்தாங்க. மேடம் உறிஞ்சினாங்க, நான் பக்கத்துல நின்னு அடக்கினேன். மேடம் பத்து நொடியில எடுத்துட்டாங்க. எனக்கு விடணும்னு தோணவே இல்லை. முதல் நாள் என்னால போன ரெண்டு நொடிக்குப் பதில் சொல்ற மாதிரி நின்னுட்டேன். கண் இருட்டிச்சு, நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வச்சாங்க. அப்போ அந்த டிரைவர் கையை ஆட்டி எழுதுற அட்டையைக் கேட்டாரு. கோணல் கோணலா எழுதிக் காட்டினாரு: "முதல்ல அந்தம்மாவைப் பாருங்க." வார்டே சிரிச்சுது. எனக்கு மட்டும் சிரிப்பு வரலை. தன் மூச்சையே மெஷின்கிட்ட கடன் வாங்கிக்கிட்டுப் படுத்திருக்கிற மனுஷன், அதைக் கழட்டிவிட்டவளுக்காகக் கவலைப்படுறாரு.

அதனால்தான் அக்கா, விலகுகிறேன். சோம்பலில் இல்லை, வெட்கத்தில் இல்லை. இவ்வளவு பெரிய விஷயத்தின் பக்கத்தில் என்னை மாதிரி ஒருத்தி நிற்கக் கூடாது. பயமாக இருக்கிறது. டைப் அடிப்பதில் பிழை வந்தால் வெள்ளை மை தடவி மறுபடி அடிக்கலாம். நீ கோபப்படுவாய், படு, ஆனால் நேரில் கிளம்பி வந்துவிடாதே.

அத்தானுக்கு என் வணக்கம். உனக்கு இந்தத் தங்கையின் நமஸ்காரம். உன் நாற்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு என் ஆழ்ந்த அனுதாபம். எல்லோரும் நூறு வயதுவரை நிமிஷத்துக்குப் பதினாறு மூச்சு விட்டுக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் சொல்லை இதுவரை தட்டாத,
இப்போது தட்டிவிட்ட தங்கை.

பி.கு.: இன்று வெள்ளிக்கிழமை சாயங்காலம். கடிதத்தைத் தபாலில் போட மறந்துவிட்டேன். மேலே உள்ளதைத் திருத்தி எழுத இனிமேல் கை வராது. "விலகுகிறேன்" என்று வருகிற இடங்களை மட்டும் தாண்டிப் படித்துக்கொள்.

காலையில் படிவத்தோடு ஆபீஸுக்குத்தான் கிளம்பினேன். வழியில் மேடம் பிடித்துக்கொண்டார். "ஏழாம் கட்டிலுக்கு மெஷினோட உதவியைக் குறைச்சிருக்கோம். அரை மணி நேரம் தானா மூச்சு விட்டுட்டார்னா குழாயை எடுத்துடலாம். பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருங்க" என்றார். நான் எதற்கு, மற்ற பிள்ளைகள் இருக்கிறார்களே என்றேன். "நீங்கதான் கண்ணை எடுக்க மாட்டீங்க" என்றார்.

எடுக்கலை அக்கா. நெஞ்சையே பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். இருபத்திரண்டு, இருபத்திநாலு, ஒரு தடவை இருபத்தெட்டு வந்தப்போ மேடத்தைக் கூப்பிட வாயைத் திறந்துட்டேன், மறுபடி இருபது. அரை மணி ஆச்சு, டாக்டர் வர இன்னொரு அரை மணி. மேடம் குழாயை எடுத்தாங்க. இருமினாரு, இருமினாரு, அப்புறம் ஒரு கணம் ஒண்ணுமே இல்லை. அப்புறம் யாரும் தள்ளாம, எந்த மெஷினும் ஊதாம, அந்த நெஞ்சு தானா எழும்பிச்சு. நான் ரெண்டு பிள்ளை பெத்தவ. அவங்க முதல் மூச்சை வலியில நான் பார்க்கலை. இதைப் பார்த்தேன்.

நான்தான் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டினேன். குரல் வருதான்னு பார்க்க மேடம், "உங்க பேரைச் சொல்லுங்க" என்றார். கரகரன்னு ஒரு பேரைச் சொன்னாரு. அது அவர் பேர் இல்லை, ஒரு பொம்பளை பேர். வெளியே பன்னிரண்டு நாளா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த அவர் வீட்டம்மாகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். அந்தம்மா என்னையே பார்த்துது. "அது என் பேரு. இருபது வருஷமா 'இந்தா'ன்னுதான் கூப்பிடுவாரு. அவருக்கு என் பேர் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுது. உள்ளே கூட்டிப் போனேன். பேசக் கூடாது, தொண்டை புண்ணாயிடும்னு மேடம் சொல்லிக்கிட்டே இருக்காங்க, அவர் இன்னொரு தடவை சொன்னாரு.

நான் அங்கேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மணி பார்த்தபோது இரண்டேகால். ஆபீஸ் என்று ஒன்று இருப்பதே எனக்கு ஞாபகம் வரவில்லை, அக்கா.