என் குடல் கமலைத் தோல் அல்ல

பொள்ளாச்சியில் மனைவி மக்களோடு சீராக வாழும் மச்சான் காளிச்சாமி அவர்கள் சமூகத்துக்கு, நல்லேப்பிள்ளி செங்கோட்டையன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இவ்விடம் மாடு கன்று, உங்கள் தங்கை மருதாத்தாள் யாவரும் சுகம். நான் சுகமில்லை. அதற்குப் பாதிக் காரணம் நீங்கள்.

என் வேட்டியில் கறை இருந்தது. செம்மண் என்றேன். "ஏனுங்க, நம்ம காடு கரிசலுங்களே, செம்மண்ணு எங்கிருந்துங்க வந்துது?" என்று உங்கள் தங்கை பிடித்துக்கொண்டாள். உடனே நீங்கள் வண்டி கட்டி வந்து என்னைப் பாலக்காட்டு ஆசுபத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டீர்கள். உள்ளே நடந்ததைக் கேளுங்கள். மூலச்சூடு என்று நான் சொன்னதை டாக்டர் காதிலேயே வாங்கவில்லை. ரத்தம் சிவப்பா கருப்பா, மலத்தோடு கலந்து வருகிறதா, கடைசியில் சொட்டுகிறதா, உடம்பு இளைத்ததா என்று ஒரே கேள்வி. விடியுமுன் இருட்டில் ஒதுங்குகிற குடியானவன் நிறமா பார்ப்பான்? பிறகு ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார், முழங்காலை மடக்கச் சொன்னார், விரலில் ரப்பர் உறை மாட்டினார். மேலே எழுதக் கை வரவில்லை மச்சான். பஞ்சாயத்தில் நடுவே உட்காருகிறவன் நான். இதை வீட்டில் சொல்லிக் குமுறினால், "செவலை மாட்டுக்குச் சாணி கட்டிக்கிட்டப்ப நீங்க முழங்கை வரைக்கும் உட்டுப் பாத்தீங்களே, அது சும்மாத்தானுங்க நின்னுச்சு" என்கிறாள்.

உள்ளே கட்டி தட்டுப்படுகிறதாம். அந்தத் துண்டுக் குடலை வெட்டி எடுத்து, இரு முனையையும் சேர்த்துத் தைப்பாராம். கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கமலைத் தோல் கிழிந்தால் வெட்டித் தைக்கிறவன் நான். தைத்த இடம் ஒருநாளும் ஒழுகாமல் இருந்ததில்லை. அதை அவரிடமே சொன்னேன். "அதுகொண்டுதான் வயித்துல ஒரு துளை போட்டு வேற வழி வைக்கறது. தையல் ஆறுறவரைக்கும் மலம் அதுவழி போகட்டும்" என்றார் மலையாளம் கலந்த தமிழில். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார், திமிரைப் பாருங்கள். முடியாது என்று எழுந்து வந்துவிட்டேன். இந்த உடம்பில் கத்தி படாது. இனி இதைப் பற்றி நீங்கள் வாய் திறந்தால் உறவு அறுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டு அக்காவுக்குக் கும்பிடு. குழந்தைகள் நோய்நொடி இல்லாமல் இருக்க மாகாளியம்மன் துணை.

இப்படிக்கு,
கோபம் தீராத செங்கோட்டையன்

பின்குறிப்பு: மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று வெயில் ஏறியபின் ஒதுங்கினேன், நிறத்தைப் பார்த்தேன். டாக்டரிடம் போய்ச் சரி என்று சொல்லியாயிற்று. வெள்ளிக்கிழமை காலை அறுக்கிறார்கள். நேரத்தோடு வந்துவிடுங்கள். என்னிடம் வரவேண்டாம், வெளியே மருதாத்தாள் தனியாக உட்கார்ந்திருப்பாள், அவள் பக்கத்தில் இருங்கள். மயக்க மருந்து கொடுக்கும்வரை நான் டாக்டரைத் திட்டிக்கொண்டே இருந்தேன் என்று சொல்லுங்கள். பயந்தேன் என்று சொல்லவேண்டாம்.